தகடு இல்லாத தாவரவியல் தோட்டத்தைக் கணக்கெடுப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கல்லூரி. துறைக்குச் சொந்தமாக மூன்று ஏக்கரில் ஒரு தாவரவியல் தோட்டம், அறுபதுகளில் போட்டது. பெயர்த்தகடுகளில் பாதியைக் காணோம். பழைய ரெஜிஸ்டர் ஒன்று கரையான் அரித்த நிலையில் கிடைத்திருக்கிறது. மொத்தத் தோட்டத்தையும் கணக்கெடுத்து ஆவணப்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். கேட்பவர் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர். கூட இரண்டு மாணவர்கள், ஒரு தோட்டக்காரர். எங்கிருந்து தொடங்குவது, மொபைல் ஆப் வைத்துப் பெயர் கண்டுபிடிக்கலாமா, க்யூஆர் கோடு ஒட்டலாமா என்பது கேள்வி.

"முதலில் எல்லாச் செடிக்கும் பெயர் கண்டுபிடித்துவிட்டு, பிறகு பட்டியல் போடலாம் என்றிருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் எண், அடுத்து இடம், அப்புறம் அந்தச் செடி வந்த வழி. பெயர் கடைசியில்தான். பல கல்லூரிகளில் இந்த வேலை பாதியில் நின்றுபோவதற்குக் காரணமே பெயரில் போய் மாட்டிக்கொள்வதுதான். பூக்காத ஒரு மரத்தடியில் நாலு பேர் நின்று வாதம் செய்துகொண்டிருப்பார்கள். அதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும்.

பெயர் நிலையானதும் இல்லை. நீங்கள் படிக்கும்போது ஆவாரை 'காசியா ஆரிகுலேட்டா'வாக இருந்திருக்கும், இப்போது அது 'சென்னா'. கருவேலம் 'அகேசியா'வாக இருந்தது. அந்தப் பேரினப் பெயர், அதாவது இரு சொல் பெயரின் முதல் சொல், ஆஸ்திரேலிய இனங்களுக்கே என்று 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாட்டில் முடிவாகி, 2011இல் மெல்போர்னில் அது உறுதியும் ஆனபிறகு, நம் கருவேலம் 'வாச்செல்லியா' ஆகிவிட்டது. நெட்டிலிங்கம் 'பாலியால்தியா'விலிருந்து 'மோனூன்' என்று போனது. புங்கம் இன்னும் வேடிக்கை: பொங்கமியா, டெர்ரிஸ், மில்லெட்டியா என்று சுற்றிவிட்டு, இப்போது லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் இணையப் பட்டியலில் மறுபடி பொங்கமியாவிலேயே வந்து நிற்கிறது. பெயரை அடிப்படையாக வைத்துப் பதிவேடு போட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அடித்து எழுத வேண்டும். ஆனால் வாய்க்கால் ஓரம் நிற்கும் புங்கம் அதே புங்கம்தான். எண் அந்த மரத்தோடு ஒட்டியிருக்க வேண்டும், பெயர் எண்ணோடு ஒட்டியிருந்தால் போதும்.

எண் போடும் முறை எளிது. நூலகத்தில் புத்தகத்துக்குப் போடுகிற அக்செஷன் எண் மாதிரியேதான். ஒரே நாளில், ஒரே இடத்திலிருந்து, ஒரே வகையாக வந்த தொகுதிக்கு ஓர் எண்: ஆண்டு, அதன்பின் வரிசை எண். 2025-0041 என்றால் 2025இல் பதிவான நாற்பத்தொன்றாவது தொகுதி. அந்தத் தொகுதியில் மூன்று கன்று இருந்தால் அ, ஆ, இ என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே நிற்கும் மரங்கள் எந்த ஆண்டு வந்தன என்று தெரியாது, அதனால் கணக்கெடுக்கும் ஆண்டையே எண்ணில் போட்டுவிட்டு, 'வந்த ஆண்டு' என்ற கட்டத்தில் 'தெரியாது' என்று எழுதுங்கள். பழைய மரமாயிற்றே என்று உத்தேசமாக 1965 என்று போட்டுவிடாதீர்கள். பத்து வருடம் கழித்து வருகிறவருக்கு அது உத்தேசம் என்று தெரியாது, ஆதாரம் என்றே நினைத்துக்கொள்வார்.

இன்னும் இரண்டு விதி. செத்துப்போன செடியின் எண்ணை வேறு செடிக்குக் கொடுக்கக் கூடாது. தோட்டத்து மரத்தின் விதையிலிருந்தே கன்று போட்டாலும் அதற்குப் புது எண், தாய்மரத்தின் எண் பக்கத்தில் குறிப்பாக.

முதல் விதி எதற்கு என்று கேட்பீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு டெல்டாவில் எத்தனை தோட்டங்களில் என்னென்ன விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. விழுந்த மரம் விறகாகப் போயிற்று, பட்டியலும் இல்லை. எண் இருந்திருந்தால் அந்த வரிசைக்கு நேரே 'இல்லை, 16.11.2018, புயல்' என்று நாலு வார்த்தை எழுதியிருக்கலாம். எந்த இனம் தாங்கியது, எது வேரோடு சாய்ந்தது, எது நடுவில் முறிந்தது என்று பின்னால் பார்க்கிறவருக்கு அந்த நாலு வார்த்தைதான் தரவு. இறந்த செடிகளின் பதிவை அழித்துவிடுவது உயிருள்ளவற்றைப் பதியாமல் விடுவதைவிட மோசம் என்பது என் அபிப்பிராயம்.

சரி, இடம். தாலுகா அலுவலகத்திலிருந்து புல எண்ணுக்கான எஃப்.எம்.பி. வரைபடத்தை வாங்கிக்கொள்ளுங்கள், எல்லையும் அளவும் அதில் இருக்கும். அதைப் பெரிதாக்கிப் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கட்டம் போடுங்கள். மூன்று ஏக்கர் என்பது சுமார் 12,140 சதுர மீட்டர், ஆகவே 120 கட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். ஒரு கட்டத்துக்கு அரை நாள் என்று வைத்துக்கொண்டாலும் அறுபது நாள் வேலை. நாலு பேருக்கு முடியாத காரியம் இல்லை.

கட்டத்தின் மூலைகளுக்கு மரக்குச்சி அடிக்காதீர்கள். நம் களிமண்ணில் ஒரு சம்பாப் பருவம் தாண்டாது, உளுத்துவிடும். வரப்பையும் வாய்க்காலையும் எல்லையாக எடுக்க வேண்டாம், தூர் வாரும்போது அவை நகரும். கிணற்றுச் சுவர், மதகு, காம்பவுண்டுச் சுவரின் தூண், கட்டட மூலை என்று அசையாத பொருள்களில் பெயிண்ட் குறி வைத்துக்கொண்டு, நடுவில் தேவைப்படும் இடத்தில் மட்டும் சிமென்ட் கல் ஊன்றுங்கள். மரத்தின் இடத்தைக் குறிக்க இரண்டு நிலையான புள்ளிகளிலிருந்து டேப் பிடித்து இரண்டு தூரம் எடுத்தால் போதும், வரைபடத்தில் காம்பஸ் வைத்து இரண்டு வில் போட்டால் வெட்டுகிற இடங்களில் ஒன்றில் மரம். இரண்டு புள்ளியையும் இணைக்கும் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டால் குழப்பம் வராது. மொபைல் ஜி.பி.எஸ். திறந்தவெளியிலேயே சில மீட்டர் தப்பும், அடர்ந்த நிழலில் இன்னும் தப்பும். மூன்று ஏக்கர் தோட்டத்தில் அவ்வளவு பிசகினால் நாவலின் எண் பக்கத்து மகிழத்துக்குப் போய்விடும். தோட்டத்தின் பொதுவான அமைவிடத்துக்கு ஜி.பி.எஸ். எடுத்துக்கொள்ளுங்கள், மரத்துக்கு மரம் டேப்தான்.

கட்டத்துக்கு 'சி-7' என்று பெயர் வைத்தாலும், தோட்டக்காரர் சொல்லும் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள்: கிணற்றடி, மூங்கில் கொல்லை, பழைய நாற்றங்கால். சி-7 எங்கே என்று அவரைக் கேட்டால் விழிப்பார், மூங்கில் கொல்லை என்றால் நேரே போய் நிற்பார்.

எப்போது தொடங்குவது? தையில் தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பாத்தியில் கால் வைக்க முடியாது, காகிதமும் நனையும். மழை ஓய்ந்த தை, மாசியில் புல், கோரை, சிறு மூலிகைகள் பூவும் காயுமாக இருக்கும். சித்திரைக்குள் பாதி காய்ந்து மறைந்துவிடும், ஆகவே அவற்றை முதலில் பிடியுங்கள். பங்குனியிலிருந்து வைகாசி வரை மரங்களின் காலம்: இலுப்பை, புங்கம், வேம்பு, சரக்கொன்றை, மருது எல்லாம் அடுத்தடுத்துப் பூக்கும். அதோடு முடித்துவிட்டால் ஒரு கூட்டம் தப்பிப்போகும், கிழங்குச் செடிகள். செங்காந்தள் நம் மாநில மலர். வேதாரண்யம் பக்கத்து மணலில் அதைக் கண்வலிக்கிழங்கு என்று பயிராகவே போட்டிருக்கிறார்கள். கோடையில் அதன் கொடி முழுக்கக் காய்ந்து போய்விடும், கிழங்கு மட்டும் மண்ணுக்குள் இருக்கும். மே மாதம் கணக்கெடுத்தவர் அந்த இடத்தைக் காலி என்று எழுதுவார், அடுத்த வாரம் யாராவது மண்வெட்டி போட்டுக் கொத்துவார். அதனால் புரட்டாசியில் ஒரு சுற்று கட்டாயம்.

ஒவ்வொரு செடிக்கும் ஒரு தாள், அல்லது நோட்டில் ஒரு வரி. எண், கட்டம், இரண்டு தூரம், வளரியல்பு (மரமா, செடியா, கொடியா), மார்பளவு உயரத்தில் சுற்றளவு, பூ காய் நிலை, உடல்நிலை, தேதி, பார்த்தவர். மார்பளவு என்று இங்கே வனத்துறை வழக்கப்படி எடுப்பது தரையிலிருந்து 1.37 மீட்டர். அதற்குக் கீழேயே கவை பிரிந்தால் ஒவ்வொரு கிளைமரத்தையும் தனியாக அளந்து எழுதுங்கள். ஆலமரத்தில் விழுதையும் சேர்த்து டேப் சுற்றினால் வருகிற எண்ணுக்கு அர்த்தமே இல்லை, அடிமரத்தை மட்டும் எடுத்துவிட்டு விழுது எத்தனை என்று தனியாகக் குறியுங்கள். மூங்கிலுக்குப் புதர்தான் அலகு. 'மேற்படி' என்ற சொல்லை மட்டும் நோட்டில் எழுத விடாதீர்கள். மாணவர்களுக்கு அதில் ஒரு பிரியம் உண்டு. வரிசை மாற்றி அடுக்கினால் மேற்படி எதைக் குறிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

இனி வந்த வழி. இந்த வேலையில் சாரமான பகுதி இதுதான், பெரும்பாலோர் தாண்டிப் போவதும் இதைத்தான். ஒரு பூங்காவுக்கும் தாவரவியல் தோட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் செடிகளின் எண்ணிக்கையில் இல்லை. இந்தச் செடி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தோட்டத்தால் பதில் சொல்ல முடிய வேண்டும், அவ்வளவுதான். உங்கள் தோட்டத்தில் ஒரு பாலை மரம் இருக்கிறது என்று வையுங்கள். கோடியக்கரைக் காட்டில் விதை பொறுக்கி வந்து வளர்த்தது என்றால் அந்த வறண்ட பசுமைமாறாக் காட்டின் ஒரு கிளை உங்களிடம் இருக்கிறது என்று அர்த்தம். எந்த ஊர் என்று தெரியாத நர்சரியில் வாங்கியது என்றால் அது மாணவருக்குக் காட்ட ஒரு பாலை, அதற்குமேல் இல்லை. இலை ஒன்று, பூ ஒன்று, மதிப்பு வேறு.

உலகத் தோட்டங்கள் தங்களுக்குள் தகவல் மாற்றிக்கொள்ளும்போது இதற்கு நாலு குறி வைத்திருக்கின்றன: இயற்கையிலிருந்து நேராக எடுத்தது, இயற்கையில் எடுத்ததிலிருந்து வளர்ப்பில் பெருக்கியது, வளர்ப்பிலேயே வந்தது, தெரியாதது. நீங்களும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் முக்கால்வாசி 'தெரியாதது' என்றுதான் விழும். அதற்காகக் கூச்சப்பட வேண்டாம்.

அந்த முக்கால்வாசியைக் குறைக்க வழி உண்டு. கரையான் அரித்த ரெஜிஸ்டரை முதலில் தூசி தட்டாதீர்கள், பக்கம் பக்கமாகப் போட்டோ எடுங்கள். தட்டினால் ஓரத்து எழுத்தும் உதிர்ந்துவிடும். பிறகு துறையின் பழைய அலமாரியைத் திறந்து பாருங்கள். அந்தக் காலத்து மாணவர்கள் பரீட்சைக்குச் சமர்ப்பித்த ஹெர்பேரியத் தாள்கள், அதாவது செடியை அழுத்தி உலர்த்தி ஒட்டிய தாள்கள், கட்டுக் கட்டாக இருக்கும். பாதிப் பேர் வெளியே போகச் சோம்பல்பட்டுக் கல்லூரித் தோட்டத்திலேயே பறித்து ஒட்டியிருப்பார்கள். அந்தச் சோம்பலுக்கு நன்றி சொல்லுங்கள்: '1974, கல்லூரித் தோட்டம்' என்று தாளில் இருந்தால் அந்த ஆண்டில் அந்தச் செடி பூத்தது என்பதற்குச் சாட்சி கையில் இருக்கிறது. அலுவலகத்தில் பழைய பில் கட்டு, நாற்று வாங்கிய ரசீது. வன மகோற்சவம் 1950லிருந்து நடக்கிறது, சிறப்பு விருந்தினர் யாராவது வந்து மரம் நட்டு அடியில் கல் பதித்திருப்பார்கள். மரத்தை விட்டுவிட்டுக் கல்லைத் தேடுங்கள், தேதி அதில் இருக்கும். ஆனால் நட்ட மரம் பட்டுப்போய் அதே குழியில் வேறு மரம் வைத்திருக்கவும் கூடும். அதனால் கல்லை மட்டும் நம்பாமல், அந்த வயதுக்கு மரத்தின் சுற்றளவு ஒத்துப்போகிறதா என்று ஒரு கண் வையுங்கள். விழாக்களின் குரூப் போட்டோவில் பின்னால் நிற்கும் மரத்தையும் பாருங்கள்.

எல்லாவற்றையும்விடத் தோட்டக்காரர். அவரோடு ஒரு சுற்று நடக்காமல் எதையும் எழுதாதீர்கள். நான் ஒரு தோட்டத்தில் அப்படி நடந்தபோது வாய்க்கால் ஓரத்தில் ஒரு பெரிய நீர்மருது நின்றது. பதிவேட்டில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

"அண்ணே, இந்த மருதை யார் வெச்சது?"

"வெச்சதா? தண்ணில வந்து தானா மொளச்சது சார். வெட்டச் சொன்னாங்க, நான்தான் நிழலுக்கு இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அந்த ஒரு பதிலில் மரத்தின் கணக்கே மாறிவிட்டது. யாரோ நர்சரியில் வாங்கி நட்டது என்று நினைத்திருந்தேன். அது ஆற்றோடு வந்த விதை, காவிரிக் கரையின் சொந்த மருது. இப்படித் தானாக முளைத்தவற்றுக்குத் தனிக் குறிப்பு வையுங்கள். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதிவிட்டுப் பிறகு ஆண்டாக மாற்றுங்கள். "பழைய பிரின்சிபால் ஐயா ரிட்டையர் ஆன வருஷம்" என்பது ஆண்டு தெரியாததுபோல் இருக்கும், அலுவலகத்தில் கேட்டால் துல்லியமான ஆண்டாகிவிடும். "கஜாவுக்கு அடுத்த மழைக்கு" என்பதும் அப்படியே. சொன்னவர் பெயர் பதிவில் இருக்கட்டும், நாளைக்கு அதுவும் ஆதாரம்.

இப்போது பெயருக்கு வருவோம். மொபைல் ஆப் பயன்படுத்தலாமா என்றால், ஒரு யோசனைக்குப் பயன்படுத்துங்கள், பதிவுக்கு வேண்டாம். பெரிய பூ உள்ள தோட்டச் செடிகளில் நன்றாகவே சொல்கிறது. நம் புல், கோரை, கீழாநெல்லி வகையறாவில் நம்பிக்கையோடு தப்பாகச் சொல்கிறது.

தமிழ்ப் பெயரை வைத்து முடிவுக்கு வருவதும் ஆபத்து. அசோகம் என்று தகடு தொங்கும் மரங்களில் பெரும்பாலானவை நெட்டிலிங்கம். இரண்டையும் ஒருமுறை கையில் பிடித்துப் பார்த்தால் மறக்காது. நெட்டிலிங்கத்தின் இலை தனியிலை, நீளமாக, ஓரம் அலை அலையாக இருக்கும், பூ இளம்பச்சையில் கண்ணில் படாமல் கிடக்கும். உண்மையான அசோகம், அதாவது சராக்கா அசோகா, கூட்டிலை உடையது. ஒரு காம்பில் ஜோடி ஜோடியாகச் சிற்றிலைகள், நுனியில் ஒற்றை இலை கிடையாது. தளிர் செம்புநிறத்தில் துவண்டு தொங்கும். பூக்கொத்து ஆரஞ்சாகத் தொடங்கிச் சிவப்பாகும், அதில் இதழ் என்று நாம் நினைப்பது புல்லிதான், அல்லி இதழே அதற்கு இல்லை. மருந்துக்கடைக்கு வரும் அசோகப்பட்டையில் நெட்டிலிங்கப்பட்டை கலப்பது தெரிந்த கதை. உங்கள் தோட்டத்தில் நிஜமான சராக்கா ஒன்று இருந்தால் அதற்கு முதலில் தகடு போடுங்கள், அழிவு ஆபத்துள்ள மரம் அது.

மூலிகைப் பாத்தியில் இன்னும் நிதானம் வேண்டும். கீழாநெல்லி என்று ஒரே தொட்டியில் மூன்று இனம் கலந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அதிக விலை இல்லை. சரியான கீழாநெல்லியில் இலைக்கக்கத்தில் ஆண்பூவும் பெண்பூவும் ஜோடியாக இருக்கும், காய் வழவழப்பு, விதையில் கோடுகள் நீளவாட்டில் ஓடும். தண்டு செம்மை ஓடி, காய் சொரசொரப்பாக, காம்பே இல்லாததுபோல் ஒட்டிக்கொண்டு, விதையில் குறுக்குவாட்டில் வரி இருந்தால் அது பில்லாந்தஸ் யூரினேரியா, வேறு செடி. மஞ்சள் கரிசலாங்கண்ணியிலும் இதே தொல்லை. அழகுக்காக நட்டு இப்போது வாய்க்கால் கரையெங்கும் படர்ந்துவிட்ட அமெரிக்க உறவுக்காரச் செடி ஒன்று, இலை மூன்று மடலாக இருக்கும், அதைப் பறித்துக் கீரையென்று சமைக்கிறவர்களும் உண்டு.

அடையாளம் காண அடிப்படை நூல்கள் இரண்டு. கேம்பிளும் பிஷரும் 1915 முதல் 1936 வரை வெளியிட்ட சென்னை மாகாணத் தாவர நூல், அப்புறம் திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்திலிருந்து அருட்தந்தை கே.எம். மேத்யூ எண்பதுகளில் கொண்டுவந்த 'தமிழ்நாடு கர்நாட்டிக்' தாவர நூல் (கர்நாட்டிக் என்றால் இங்கே கர்நாடக மாநிலம் இல்லை). நமக்கு இரண்டாவதுதான் நெருக்கம், டெல்டா அதன் எல்லைக்குள் வருகிறது. அதன் திறவுகோலில், அதாவது இலை, பூ அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயருக்கு வரும் பட்டியலில், பிடித்த பெயரை இன்றைய பெயராக மாற்றுவதற்கு மட்டும் இணையப் பட்டியல்களைப் பாருங்கள்.

பெயருக்குப் பக்கத்தில் அது எவ்வளவு உறுதி என்றும் ஓர் எண் போடும் வழக்கம் உண்டு. 0 என்றால் யாரும் சரிபார்க்கவில்லை. 1, பெயர் தெரிந்த வேறு செடியோடு ஒப்பிட்டது. 2, தெரிந்தவர் ஒருவர் நூல், ஹெர்பேரியம் வைத்து உறுதி செய்தது. 3, அந்தக் குடும்பத்தையோ பேரினத்தையோ ஆராய்ந்துகொண்டிருப்பவரே பார்த்தது. 4 என்பது முதன்முதலில் பெயர் சூட்டப்பட்ட மாதிரிச் செடியே அல்லது அதன் பதியன், அது நமக்கு வராது. உங்கள் பட்டியல் 0, 1இல் தொடங்கி மெதுவாக 2க்கு நகர்ந்தால் போதும். 3 என்று இரண்டு வரி இருந்தாலே பெருமைதான்.

2க்குப் போக ஹெர்பேரியத் தாள் வேண்டும். போட்டோ துணைக்குத்தான். பூவும் காயும் உள்ள கிளையைப் பறித்து, வழவழப்பில்லாத செய்தித்தாளில் விரித்து அழுத்துங்கள், ஓர் இலையையாவது திருப்பிப் போட்டு அடிப்பக்கம் தெரியச் செய்யுங்கள். நம் ஊர் ஈரத்தில் முதல் நாலைந்து நாள் தினமும் தாள் மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். மரப்பெட்டிக்குள் குண்டு பல்பு எரியவிட்டு மேலே செடி அழுத்தும் பிரஸ்ஸை வைத்து உலர்த்துவது இங்கே நல்ல வழி. கள்ளி, கற்றாழை போன்ற சதைப்பற்றுள்ளவற்றைக் கொதிநீரில் முக்கி எடுத்துவிட்டு அழுத்துங்கள், இல்லாவிட்டால் பிரஸ்ஸுக்குள்ளேயே தளிர் விடும். தில்லை மரம் இருந்தால் கையுறை போடாமல் ஒடிக்காதீர்கள், அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரிய அவஸ்தை. பிச்சாவரம், முத்துப்பேட்டைப் பக்கத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். தாள் அளவு 42க்கு 28 சென்டிமீட்டர். பூச்சிக்குப் பழைய முறையில் மெர்குரிக் குளோரைடு பூசுவார்கள், அது கொடிய விஷம், மாணவர்கள் கையில் கொடுக்கவே வேண்டாம். உலர்ந்த கட்டை பாலிதீனில் சுற்றி ஆழ்குளிர்ப் பெட்டியில் ஒரு வாரம் வைத்தால் வண்டு செத்துவிடும். பழைய தாள்களைத் தொட்டால் கையைக் கழுவுங்கள், அவற்றில் அந்த மருந்து இருக்கக்கூடும். தோட்ட எண்ணைத் தாளில் எழுத மறக்க வேண்டாம். எடுக்கும்போதே இரண்டு மூன்று படி எடுத்து, திருச்சி ராபினட்டுக்கும் கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் அளவாய்வகம் வைத்திருக்கும், 'சென்னை ஹெர்பேரியம்' என்றே பெயர் கொண்ட தொகுப்புக்கும் ஒவ்வொன்று கொடுக்க முடியுமா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

தாளுக்கு எதற்கு இவ்வளவு என்று மாணவர்கள் முனகினால் தரங்கம்பாடிக்கு ஒரு நாள் கூட்டிப்போங்கள், உங்களுக்குப் பக்கம்தானே. டேனிஷ்காரர்கள் ஆண்ட அந்த ஊருக்கு 1768இல் வந்தவர் யோஹான் கோனிக், செடிகளுக்கு இரு சொல் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸிடம் படித்தவர். இங்கே பறித்து உலர்த்தி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். ரோட்லர் முதலான மிஷனரிகளும் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். ரோட்லரின் தொகுப்பு கடைசியில் கியூவுக்குப் போய்ச் சேர்ந்தது. நம் கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் உள்ள 'கோனிகி' அந்தக் கோனிக்கின் பெயர்தான். பேரினத்தை முர்ராயா என்றும் பெர்கெரா என்றும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள், கோனிகி மட்டும் அப்படியே நிற்கிறது. அந்தக் காலத்துத் தோட்டங்கள் போய்விட்டன, இடமும் பறித்தவர் பெயரும் எழுதிய தாளை இன்றைக்கும் எடுத்துப் பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் எண் போடவும் வேண்டாம். குளத்து வெங்காயத்தாமரை, வேலியோரச் சீமைக்கருவேலம், உண்ணிச்செடி இவற்றுக்கு 'தானாக வந்தவை' என்று தனிப் பட்டியல் ஒன்று, பெயரும் கட்டமும் போதும். களை என்று ஒதுக்குவதற்கு முன்னால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். நம் வயல்வரப்புச் செடிகளில் பல களைக்கொல்லியால் வயலில் அருகிவிட்டன, தோட்டத்து மூலையில் பிழைத்திருக்கும்.

கணினியில் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. தோட்டங்களுக்கென்றே செய்த ஐரிஸ்பிஜி, பிஜி-பேஸ் போன்றவை உண்டு, மூன்று ஏக்கருக்கு எக்செல் போதும். தொகுதிகளுக்கு ஒரு தாள், தனிச்செடிகளுக்கு ஒன்று, பெயர் வரலாற்றுக்கு ஒன்று. பெயர் மாறினால் பழையதை அழிக்காமல் தேதியோடு புது வரி சேருங்கள். வாரம் ஒருமுறை வேறோர் இடத்தில் நகல். வருடக் கடைசியில் அச்செடுத்து பைண்டு போட்டுத் துறையில் ஒன்று, நூலகத்தில் ஒன்று. இனப்பட்டியல் ஓரளவு தேறியதும் 1987இல் தொடங்கிய தாவரவியல் தோட்டங்களின் சர்வதேச அமைப்பான பிஜிசிஐயின் தரவுத்தளத்தில் சேர்க்கலாம். உங்களிடம் உள்ள ஒரு செடி உலகில் எத்தனை தோட்டங்களில் இருக்கிறது என்று அது காட்டும். ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் என்று வந்தால் அந்தச் செடிக்கு அன்றே பதியன் போட்டுவிடுங்கள்.

தகடு இரண்டு வகை, இரண்டையும் குழப்பாதீர்கள். எண் தகடு உங்களுக்கு, பெயர்ப்பலகை பார்க்க வருகிறவர்களுக்கு. எண் தகட்டை மெல்லிய அலுமினியப் பட்டையில் எழுத்து உளியால் தட்டி எடுங்கள், பெயிண்ட் எழுத்து இரண்டு கோடை தாங்காது. அலுமினிய ஆணியில், ஸ்பிரிங் கொடுத்து, ஆணித்தலை விரலளவு வெளியே நிற்கும்படி தொங்கவிட்டால் மரம் பருக்கும்போது தகட்டை விழுங்காது. கம்பியை மரத்தைச் சுற்றி இறுக்கவே கூடாது, பத்து வருடத்தில் கழுத்தை நெரித்துவிடும். தகடு சின்னதாக, கைக்கு எட்டாத உயரத்தில் இருப்பது நல்லது. பெரிய தகடு போட்டால் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும், உங்கள் தோட்டத்தில் காணாமல்போன பாதியும் அங்கேதான் போயிருக்கும். சிறு செடிகளுக்குப் பாத்தி ஓரத்தில் குச்சித் தகடு, ஆடு வராத வேலி இருந்தால் மட்டும்.

க்யூஆர் கோடு ஒட்டலாம், கடைசியாக. கோடுக்குள் செடியின் பெயரையும் விவரத்தையும் எழுதி அடைக்காதீர்கள், பெயர் மாறினால் ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டியிருக்கும். எண்ணுக்குரிய பக்கத்தின் முகவரி மட்டும் அதில் இருந்தால் பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம். சாதா ஸ்டிக்கர் வெயிலில் ஒரு சித்திரையிலேயே வெளுத்துவிடும். லேசரில் பொறித்த தகடாகச் செய்யக் காசு கிடைத்தால் முதல் வருடம் நடைபாதையை ஒட்டிய முப்பது மரத்துக்குப் போடுங்கள், 2ஆம் நிலை உறுதி கிடைத்த மரங்களாகப் பார்த்து. மீதியை அடுத்த தைக்கு வைத்துக்கொள்ளலாம்.